நள்ளிரவில் வெளியாக வேண்டிய பக்கம் விடிந்த பிறகு வெளியாவது ஏன்?

மலைப்பாதை எழுதியது:

ஏற்காட்டில் தங்கும் இல்லம் நடத்துபவர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் இணையதளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தளம், பக்கங்களை எழுதி வெளியிட உதவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இயங்குகிறது. பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் மலிவான ஹோஸ்டிங்கில் இருக்கிறது. மே மாதக் கட்டணமும் முன்பதிவு விதிகளும் அடங்கிய புதிய பக்கம், மே 1ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு வெளியாக வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்தேன். பக்கம் வெளியாகவில்லை. விடியற்காலையில் ஒரு குடும்பம் ஏப்ரல் கட்டணத்தைப் பார்த்து முன்பதிவு செய்துவிட, அந்த இல்லத்தின் உரிமையாளர் ஆறே முக்கால் மணிக்கு என்னை அழைத்தார். தளத்தை நிர்வகிக்கும் டேஷ்போர்டைத் திறந்தபோது பக்கத்தின் பெயருக்கு அருகில், குறித்த நேரம் தவறிவிட்டது என்னும் பொருளில் சிவப்பு எழுத்துகள் இருந்தன. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே பட்டியலை மறுபடி ஏற்றினால், நான் எதையும் தொடாமலேயே பக்கம் வெளியாகியிருந்தது. ஆனாலும் முகப்பில் பழைய கட்டணமே முற்பகல் வரை நீடித்தது.

மலையில் ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு மழை வந்தால் மின்சாரமும் இணைய இணைப்பும் சேர்ந்தே போய்விடும் என்பதால், நள்ளிரவில் நானே அமர்ந்து பொத்தானை அழுத்துவதை நம்ப முடியாது. அடுத்து, கோடை விழா நாட்களுக்கான பக்கங்களும் இப்படியே வெளியாக வேண்டியிருக்கிறது. நேரம் குறித்து வெளியிடும் வசதி உண்மையில் எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் அது தவறுகிறது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கன்னங்குறிச்சி எழுதியது:

இத்தனை சிக்கல் தேவையா ஐயா? மலைக்குக் கீழே, மின்சாரம் ஒழுங்காக இருக்கும் இடத்தில் வசிக்கும் ஒருவருக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்து, நள்ளிரவில் வெளியிடச் சொல்லிவிடலாம். ஆண்டுக்கு நாலைந்து முறை வரும் வேலைக்கு இயந்திரத்தை நம்புவதைவிட ஆளை நம்புவது மேல் என்பது என் கருத்து.

ஐந்துரோடு எழுதியது:

ஆளுக்கும் தூக்கம் வரும் என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறார் கன்னங்குறிச்சி. அது இருக்கட்டும், மலைப்பாதை கொடுத்திருக்கும் விவரத்திலேயே விடை இருக்கிறது. டேஷ்போர்டைத் திறந்ததும் பக்கம் தானாக வெளியானது என்னும் அந்த ஒரு குறிப்பே போதும்.

வேர்ட்பிரஸுக்குள் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் எதுவும் கிடையாது. ஒரு பக்கத்துக்கு எதிர்கால நேரத்தைக் குறித்தால், அது வெளியிடப்படாத நிலையிலேயே தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. அதோடு, இன்ன நேரத்தில் இதன் நிலையை மாற்ற வேண்டும் என்னும் ஒரு பணி, டபிள்யூபி-கிரான் எனப்படும் உள்பட்டியலில் சேர்கிறது. அந்தப் பட்டியலை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. தளத்துக்கு யாராவது வரும்போது, கேட்ட பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையோடு வேலையாக வேர்ட்பிரஸ் இந்தப் பட்டியலையும் ஒரு முறை பார்க்கிறது; நேரம் வந்துவிட்ட பணி ஏதேனும் இருந்தால், தன் முகவரிக்குத் தானே ஒரு கோரிக்கை அனுப்பி, அதன் வழியாக அப்பணியைச் செய்கிறது. யாராவது கதவைத் தட்டினால்தான் கண் விழிக்கும் காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் விடியற்காலையில் அந்தக் குடும்பம் தட்டியதே, அப்போது ஏன் விழிக்கவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் தளத்தில் பக்கங்களை அப்படியே கோப்பாக எடுத்து வைத்துக் கொடுக்கும் கேச் பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) ஒன்று நிச்சயம் இருக்க வேண்டும். வந்தவர்களுக்குச் சர்வர் அந்தக் கோப்பையே கொடுத்து அனுப்பியிருக்கும். வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி நிரல் ஓடியே இருக்காது. நிரல் ஓடாதபோது பட்டியலைப் பார்ப்பாரும் இல்லை. ஆகவே வருகை குறைந்த தளத்துக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மை அன்று. நிறையப் பேர் வந்துபோகும் தளமும், கேச் நன்றாக வேலை செய்தால், இதே போல நேரம் தவறும். டேஷ்போர்டு பக்கங்கள் கேச்சில் வைக்கப்படுவதில்லை. அதனால்தான் நீங்கள் உள்ளே நுழைந்ததும் பணி நடந்தது.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. தளம் தனக்குத்தானே அனுப்பும் கோரிக்கையைப் பாதுகாப்புப் பிளகினோ ஹோஸ்டிங்கின் தடுப்புச் சுவரோ மறித்துவிட்டால், எத்தனை பேர் வந்தாலும் பணி நடக்காது. கருவிகள் பகுதியில் தளத்தின் உடல்நலத்தைச் சோதிக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் கோரிக்கை திரும்பி வருகிறதா என்பதை அது சொல்லிவிடும். உங்கள் பக்கம் கடைசியில் தானாக வெளியானதால், இது உங்கள் சிக்கல் அன்று என்று துணிந்து சொல்லலாம்.

நேர மண்டலத்தையும் பார்த்துவிடுங்கள். அமைப்புகளில் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் வேர்ட்பிரஸ் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும்; நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் போகிறது. அதனால், நேர மண்டலம் தவறாக இருக்கும் தளத்தில் நள்ளிரவுக்குக் குறித்த பக்கம் சரியாகக் காலை 5:30க்கு வெளியாகும். இதை ஓர் அடையாளமாகவே வைத்துக்கொள்ளலாம்: தாமதம் ஒவ்வொரு முறையும் ஐந்தரை மணி நேரமாக இருந்தால் குற்றம் நேர மண்டலத்தில், ஒழுங்கே இல்லாமல் மாறிக்கொண்டிருந்தால் குற்றம் டபிள்யூபி-கிரானில். அமைப்பில் இடைவெளியை எண்ணாகக் கொடுப்பதைவிடக் கொல்கத்தா என்னும் நகரப் பெயரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தீர்வு இரண்டு படிகள். வேர்ட்பிரஸின் அமைப்புகள் அடங்கிய டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில், டிஸேபிள் டபிள்யூபி கிரான் என்னும் மாறிலிக்கு ட்ரூ என்று மதிப்புக் கொடுத்தால், வருகையைச் சார்ந்து பட்டியலைப் பார்க்கும் வழக்கம் நின்றுவிடும். பிறகு ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில், குறித்த நேரத்தில் கட்டளைகளைச் சர்வரே இயக்கும்படி வைக்கும் கிரான் ஜாப் என்னும் பகுதிக்குப் போய், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை டபிள்யூபி-கிரான் கோப்பை அழைக்கும் கட்டளையை எழுதி வைக்க வேண்டும். முதல் படியை முடித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். பக்கம் வெளியாகாதது மட்டுமல்லாமல், புதுப்பிப்புச் சோதனை, மறுபிரதி எடுக்கும் பிளகின்களின் பணிகள் எல்லாம் ஒன்றாக நின்றுபோகும், அதைச் சொல்லும் எச்சரிக்கையும் கண்ணில் படும்படி வராது. இரண்டாவதை முதலில் செய்து, ஒரு சோதனைப் பதிவு சரியாக வெளியாவதைப் பார்த்த பிறகு முதலாவதைச் செய்வதே என் வழக்கம்.

மலைப்பாதை எழுதியது:

மிகவும் நன்றி அண்ணா. கேச் பிளகின் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எங்கள் ஹோஸ்டிங் திட்டத்தில் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவான இடைவெளியில் கிரான் ஜாப் வைக்க அனுமதி இல்லை. நள்ளிரவு 12 மணி என்று குறித்தால் 12:15 வரை காத்திருக்க நேருமா?

ஐந்துரோடு எழுதியது:

நேரலாம். சர்வரின் கிரான் 12 மணிக்குச் சரியாக எழுந்தாலும், அந்த நொடியில் உங்கள் பணி நேரம் வந்ததாகக் கணக்கில் சேருமா சேராதா என்பது இழுபறிதான். அதனால் வெளியீட்டு நேரத்தை முந்தைய நாள் இரவு 11:58 என்று குறித்துவிடுங்கள். 12 மணிக்கு எழும் கிரான் அதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளும். குறித்த நேரம் 12 மணியாகவே இருக்க வேண்டும் என்னும் அளவுக்கு நுணுக்கமான அறிவிப்பு என்றால், வெளியிலிருந்து குறித்த இடைவெளியில் ஒரு முகவரியை அழைத்துக்கொண்டே இருக்கும் சேவைகள் இருக்கின்றன; அவற்றில் ஒன்றை நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். பணி பட்டியலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க, டபிள்யூபி கிரான்ட்ரோல் என்னும் இலவசப் பிளகின் உதவும்.

கன்னங்குறிச்சி எழுதியது:

அவருடைய வீட்டுக் கணினியிலேயே அந்த முகவரியை அழைக்கும்படி வைத்துக்கொண்டால் ஆகாதா?

ஐந்துரோடு எழுதியது:

மின்சாரம் போய்விடும் என்பதற்காகத்தானே அவர் தானியங்கி வழியைத் தேடுகிறார்? அழைக்கும் கணினி மலையில் இருந்தால் மழை அன்றும் சிக்கல் அதேதான்.

காபிப்பூ எழுதியது:

ஐந்துரோடு கிரானை முழுமையாக விளக்கிவிட்டார். ஆனால் மலைப்பாதை கேட்ட இரண்டாவது பகுதி, அதாவது முகப்பில் பழைய கட்டணம் நீடித்தது ஏன் என்பது, இன்னும் தொடப்படவில்லை. நாங்கள் தோட்டத்துக் காபிக்கொட்டையை நேரடியாக விற்கும் சிறு தளத்தை வைத்திருக்கிறோம். எங்களுக்குக் கிரானைவிட இதுவே பெரிய தலைவலியாக இருந்தது.

பக்கம் தரவுத்தளத்தில் வெளியாவதும், வாசிப்பவரின் கண்ணுக்கு அது தெரிவதும் இரு வேறு நிகழ்ச்சிகள். புதிய பக்கம் வெளியானதும் பெரும்பாலான கேச் பிளகின்கள் முகப்பையும் அந்தப் பக்கத்தோடு தொடர்புடைய பட்டியல்களையும் தாமாகவே நீக்கிப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் முகப்பில் இருக்கும் கட்டணப் பெட்டியை நீங்கள் கையால் தட்டச்சு செய்து வைத்திருந்தால், அது புதிய பக்கத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை. அதை மாற்றியாக வேண்டியவரும் நீங்களே. அதற்கும் அப்பால், சர்வருக்கு முன்னால் நிற்கும் சிடிஎன், அதாவது தளத்தின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சேவை, தன்னிடம் ஒரு பிரதியை வைத்திருக்கலாம். கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைகள் இயல்பாக எச்டிஎம்எல் பக்கங்களைச் சேமிப்பதில்லை, படங்களையும் நடைதாள் கோப்புகளையும் மட்டுமே சேமிக்கின்றன. பக்கங்களையும் சேமிக்கும்படி நாமே விதி எழுதியிருந்தால், அவற்றை நீக்கும் பொறுப்பும் நம்மைச் சேர்ந்ததே. இவையெல்லாம் போக, பார்ப்பவரின் பிரவுசரில் ஒரு பிரதி இருக்கும்.

வெளியாகாத பக்கத்தின் முகவரியை முன்னதாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதில் ஒரு கேடு உண்டு. அவசரக்காரர் ஒருவர் அதைத் திறந்து பார்த்து, பக்கம் இல்லை என்னும் பதில் வந்து, அந்தப் பதிலே கேச்சில் தங்கிவிட்டால், பக்கம் வெளியான பிறகும் கொஞ்ச நேரத்துக்கு எல்லோருக்கும் அதுவே காட்டப்படும்.

இன்னும் முக்கியமான ஒன்று. நேரம் குறித்து வைத்த பக்கம் மறைவாக இருக்கும். அதில் இணைத்த படமும் பிடிஎஃப் கோப்பும் மறைவாக இருப்பதில்லை. வேர்ட்பிரஸ் அவற்றை அப்லோட்ஸ் என்னும் கோப்புறையில் ஆண்டு, மாதம் எனப் பிரித்து வைக்கிறது. முகவரியை ஊகித்துத் தட்டச்சு செய்யும் எவருக்கும் அந்தக் கோப்பு கிடைக்கும். இது கற்பனையான அச்சம் அன்று. 2025 நவம்பர் 26 அன்று பிரிட்டனின் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் பட்ஜெட் உரையைத் தொடங்கும் முன்பே, அந்நாட்டின் பட்ஜெட் கணிப்புகளைத் தயாரிக்கும் ஓபிஆர் அமைப்பின் அறிக்கை இணையத்தில் கிடைத்துவிட்டது. அந்தத் தளம் வேர்ட்பிரஸில் இயங்கியது. கோப்பின் முகவரி முந்தைய அறிக்கையின் முகவரியைப் பார்த்தே ஊகிக்கக்கூடியதாக இருந்தது. சில நாட்களில் அமைப்பின் தலைவர் ரிச்சர்ட் ஹியூஸ் பதவி விலகினார். நம் கட்டணப் பட்டியலுக்கு அவ்வளவு மதிப்பு இல்லைதான். ஆனால் கடந்த ஆண்டுக் கோப்புக்குக் கோடைக் கட்டணம் 2025 என்று பெயர் வைத்திருந்தால், 2026 என்று மாற்றித் தட்டச்சு செய்து பார்க்கப் போட்டியாளருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெயரை ஊகிக்க முடியாதபடி வையுங்கள். இல்லாவிட்டால் பட்டியலைக் கோப்பாக ஏற்றாமல் பக்கத்துக்குள்ளேயே அட்டவணையாக எழுதிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு எழுதியது:

இதே பொருளில் எனக்கும் ஓர் ஐயம் இருக்கிறது. எங்கள் வெள்ளிக் கொலுசுக் கடையின் செய்கூலிப் பக்கம் ஏற்கெனவே வெளியில் இருக்கிறது. ஆடி மாதத்துக்கான சலுகைச் செய்கூலியை அதே பக்கத்தில், அதே முகவரியில், ஆடி முதல் நாளிலிருந்து காட்ட வேண்டும். பக்கத்தைத் திருத்திவிட்டு வெளியீட்டுத் தேதியை ஆடி முதல் நாளுக்கு மாற்றி வைத்தால் போதுமா?

ஐந்துரோடு எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். வெளியில் இருக்கும் பக்கத்துக்கு எதிர்காலத் தேதியைக் கொடுத்தால், பழைய உரை அதுவரை காட்டப்படும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பது அதுவன்று. பக்கமே நேரம் குறித்த நிலைக்குத் திரும்பிவிடும். அன்று முதல் ஆடி பிறக்கும் வரை, வருபவர்களுக்குப் பக்கம் இல்லை என்னும் பதில்தான் கிடைக்கும்.

வேர்ட்பிரஸின் அடிப்படை வசதியில், வெளியான பக்கத்தின் திருத்தத்துக்கு மட்டும் நேரம் குறிக்க வழி கிடையாது. பப்ளிஷ்பிரஸ் ரிவிஷன்ஸ் போன்ற பிளகின்கள் அந்தக் குறையைத் தீர்க்கின்றன: வெளியில் இருப்பது அப்படியே இருக்க, திருத்தப்பட்ட பிரதி தனியாகக் காத்திருந்து, குறித்த நேரத்தில் பழையதன் இடத்தைப் பிடிக்கும். அதற்கும் கிரான்தான் ஆதாரம் என்பதால், மேலே சொன்ன ஏற்பாட்டை முதலில் செய்துகொள்ளுங்கள். வெள்ளியின் அன்றாட விலையை இந்த வழியில் காட்ட முயல வேண்டாம். நாளை என்ன விலை என்று தெரியாத ஒன்றுக்கு இன்றைக்கே நேரம் குறிப்பதில் பொருளில்லை. செய்கூலிக்கு மட்டும் இது பொருந்தும்.

அஸ்தம்பட்டி எழுதியது:

இங்கே எல்லோரும் வேர்ட்பிரஸைப் பற்றியே பேசுவதால், மற்ற அமைப்புகளில் இதே வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்த்தால் சிக்கலின் வேர் தெளிவாகும்.

வேர்ட்பிரஸைப் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் ஒரு கட்டுரைக்கு வெளியீடு தொடங்கும் நேரம், முடியும் நேரம் என இரண்டு புலங்கள் இருக்கின்றன. குறித்த நேரத்தில் யாரும் எழுந்து எதையும் மாற்றுவதில்லை. ஒவ்வொரு முறை பக்கம் கேட்கப்படும்போதும், இப்போதைய நேரம் அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று தரவுத்தளத்தைக் கேட்டே அது முடிவு செய்கிறது. ஆகவே கிரான் தவறுவது என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை; கேச் தவறுவது மட்டும் மிச்சம் இருக்கும். இதை மேலான வடிவமைப்பு என்றே நான் கருதுகிறேன். அதே வகையைச் சேர்ந்த ட்ரூபலில் ஷெட்யூலர் என்னும் கூடுதல் மாட்யூல் (பிளகின் போன்றது) தேவை, அது கிரானை நம்பியிருக்கிறது. ட்ரூபலோடு வரும் தானியங்கி கிரான் வசதியும் வருகையைச் சார்ந்ததே. அதன் இயல்பான இடைவெளி மூன்று மணி நேரம் என்பதால், அப்படியே விட்டுவைத்தால் நள்ளிரவுப் பக்கம் மூன்று மணிக்கு வந்தாலும் வியப்பதற்கில்லை.

நான் ஹியூகோ என்னும் கருவியில் நிலையான தளங்களை, அதாவது பக்கங்கள் எல்லாம் முன்கூட்டியே கோப்புகளாகக் கட்டி வைக்கப்படும் தளங்களை, செய்து தருகிறேன். அதில் வெளியீட்டுத் தேதி எதிர்காலமாக இருக்கும் பக்கம், தளத்தைக் கட்டும்போது விட்டுவிடப்படும். தேதி வந்த பிறகு மறுபடி கட்டினால்தான் சேரும். எனவே அங்கும் யாரோ ஒருவர் எழுந்து கட்ட வேண்டும். மூலக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நேரம் குறித்துக் கட்டச் சொல்லலாம். ஆனால் அங்கே நேரம் இயல்பாக உலகப் பொது நேரம். நம் நள்ளிரவுக்கு மணி 18, நிமிடம் 30 என்று எழுத வேண்டும். தேதியும் ஒரு நாள் முந்தையதாக, அதாவது மே 1க்கு ஏப்ரல் 30 என்று வர வேண்டும். வேலைப் பளு மிகுந்த நேரத்தில், குறிப்பாக மணி தொடங்கும் தறுவாயில், அது தாமதமாக ஓடும் என்று அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. பொதுக் களஞ்சியத்தில் (மூலக் கோப்புகளை எவரும் பார்க்கக்கூடிய சேமிப்பிடத்தில்) 60 நாட்கள் எந்த மாற்றமும் நிகழாவிட்டால் நேரம் குறித்த பணியைத் தானாகவே நிறுத்திவிடுவார்கள். ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் தொடப்படும் ஏற்காட்டுத் தளங்களுக்கு இந்த விதி பொல்லாத விதி. காபிப்பூ சொன்ன கசிவு இங்கேயும் உண்டு: களஞ்சியம் பொதுவானதாக இருந்தால், நாளை வெளியாக வேண்டிய பக்கத்தின் மூல உரையை இன்றைக்கே யாரும் படிக்கலாம்.

மலைப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்துரோடு அண்ணா சொன்ன வரிசையிலேயே, முதலில் கிரான் ஜாப், பிறகு மாறிலி என்று செய்தேன். நள்ளிரவுக்குச் சற்று முன்னதாக நேரம் குறித்த சோதனைப் பதிவு ஒன்று, யாரும் தளத்துக்குள் நுழையாமலேயே வெளியாகியிருந்தது. முகப்பில் இருந்த கட்டணப் பெட்டி, காபிப்பூ ஊகித்தபடி, தட்டச்சு செய்து வைத்த உரைதான். அதை எடுத்துவிட்டு, கட்டணப் பக்கங்களில் கடைசியாக வெளியானதன் தலைப்பையும் சுருக்கத்தையும் தானாகக் காட்டும் பகுதியை அந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

கோடை விழாவைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. விழாத் தேதியை மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் வரை எங்களுக்கும் தெரியாது. அறிவித்த பிறகு எல்லாம் அவசரமாக நடக்கும். விழா முடிந்த மறுநாள் அந்தப் பக்கங்கள் தாமாக மறைய வேண்டும். அண்ணா பூங்கா மலர்க்காட்சிக்கு வருபவர்களுக்கான சிறப்புக் கட்டணத்தை ஜூன் மாதத்தில் யாரும் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாது.

காபிப்பூ எழுதியது:

தேதி தெரியாதபோது நேரம் குறிக்கவே வேண்டாம். பக்கங்களை முழுமையாக எழுதி வரைவாகவே வைத்திருங்கள். அறிவிப்பு வந்ததும் உரையில் தேதியை நிரப்பி, அதன் பிறகு நேரம் குறியுங்கள். உத்தேசத் தேதி ஒன்றைக் குறித்துவிட்டு மறந்தால், விழாவே அறிவிக்கப்படாத நாளில் உங்கள் பக்கம் வெளியில் போய் நிற்கும். அதைப் பார்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கு யார் பதில் சொல்வது?

மறைய வைப்பதற்கு வேர்ட்பிரஸில் தானாக வசதி இல்லை. பப்ளிஷ்பிரஸ் ஃபியூச்சர் என்னும் பிளகின் குறித்த நேரத்தில் பக்கத்தை வரைவாக மாற்றிவிடும். ஆனால் அப்படி மாற்றினால், கூகுளிலிருந்தும் பழைய வாட்ஸ்அப் செய்திகளிலிருந்தும் வருபவர்கள் பக்கம் இல்லை என்னும் பதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போவார்கள். முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல் கோடை விழாவுக்கு ஒரே பக்கத்தை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, விழா முடிந்ததும் கட்டணத்தை நீக்கிய திருத்தப் பிரதி அதன் இடத்துக்கு வரும்படி, செவ்வாய்ப்பேட்டைக்காரருக்குச் சொன்ன அதே வழியில் நேரம் குறித்துவிடுங்கள்.

கன்னங்குறிச்சி எழுதியது:

கிரான் ஓடுவது நின்றுபோனால் அதை யார் சொல்வார்கள்?

ஐந்துரோடு எழுதியது:

நல்ல கேள்வி. சிபேனலில் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதன் விடையை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக வரும் மின்னஞ்சலை இரண்டாம் நாளே யாரும் படிக்கமாட்டார்கள். பிழை வந்தால் மட்டும் அனுப்பும்படி, வழக்கமான வெளியீட்டை அடக்கிவிட்டுக் கட்டளையை எழுதுங்கள். கிரான் ஓடவே இல்லை என்றால் பிழைச் செய்தியும் வராது என்பதால், முக்கியமான வெளியீட்டுக்கு முந்தைய நாள் டபிள்யூபி கிரான்ட்ரோல் பட்டியலைத் திறந்து, நேரம் கடந்தும் நடக்காத பணி ஏதேனும் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாறிலியை ட்ரூ என்று வைத்த பிறகு நீங்கள் டேஷ்போர்டைத் திறப்பதால் மட்டும் பணிகள் நடந்துவிடாது. ஆகவே பட்டியலில் பார்ப்பது உண்மை நிலையாகவே இருக்கும்.